பின்சக்கரம் எங்கே நிற்கிறது?

அலுவலகத்துக்கும் நெடும்பயணத்துக்கும் ஒரே ஸ்டீல் சைக்கிள் தேடுகிறவர்கள் ஃப்ரேமில் பார்க்க வேண்டியவை

பர்மிங்ஹாமில் ஆணி செய்து வந்த ரெனால்ட்ஸ் குடும்பத்தின் வாரிசு ஆல்ஃப்ரெட் மில்வர்ட் ரெனால்ட்ஸ் 1890-களில் ஒரு சிக்கலோடு மல்லுக்கட்டினார். சைக்கிள் ஃப்ரேம் உடைந்தால் பெரும்பாலும் மூட்டில்தான் உடைகிறது. மூட்டுக்குப் பயந்து தடித்த குழாய் போட்டால் சைக்கிள் கனத்துவிடும். எடைக்குப் பயந்து மெல்லிய குழாய் போட்டால், பற்றவைக்கும் சூட்டிலேயே முனை சோர்ந்துவிடும். குழாயை வெளியே தொட்டுப் பார்த்தால் ஒரே சீராக இருக்க வேண்டும். உள்ளே மட்டும் முனைகள் தடித்து, நடுப்பகுதி மெலிந்திருக்க வேண்டும். அப்படி ஒரு குழாயைச் செய்யும் முறைக்கு 1897-ல் காப்புரிமை வாங்கினார். இன்று கடையில் ‘டபுள் பட்டட்’ என்று சொல்லி நாலு காசு கூடுதலாகக் கேட்பது இந்தக் குழாய்க்குத்தான்.

இந்தக் கதையில் அம்பத்தூருக்கும் பங்கு உண்டு. ரெனால்ட்ஸ் 1928-ல் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் என்ற பிரிட்டிஷ் குழுமத்தோடு இணைந்தது. அதே டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ்தான் 1949-ல் முருகப்பா குடும்பத்தோடு சேர்ந்து இங்கே டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கியது. 1951-ல் ஹெர்குலிஸ் சைக்கிள்கள் வரத் தொடங்கின. சைக்கிளுக்கு வேண்டிய குழாய் செய்யவே 1955-ல் ஆவடியில் தனி ஆலை எழுந்தது. அந்தப் பிரிட்டிஷ் குழுமத்தின் தலைவராக இருந்த சர் ஐவன் ஸ்டெட்ஃபோர்டின் பெயர் அம்பத்தூரில் இன்று ஓர் ஆஸ்பத்திரியின் பெயர். அங்கே டோக்கன் வாங்கி உட்கார்ந்திருப்பவர்களுக்கு அவர் ஒரு குழாய்க் கம்பெனிக்காரர் என்பது நினைவில் இருக்க நியாயமில்லை.

ஸ்டீலுக்கு இப்படிக் குலப்பெருமை இருப்பதால், வாங்கப் போகிறவர் முதலில் மயங்குவது ஃப்ரேமில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில்தான். 1935-ல் வந்த ரெனால்ட்ஸ் 531-க்கு இன்றும் ரசிகர்கள் இருக்கிறார்கள். மாங்கனீசும் மாலிப்டினமும் கலந்த அந்தக் குழாயில் ஜாகுவார் இ-டைப் காரின் முன்சட்டகத்தையே செய்தார்கள் என்றால் மயக்கத்தைக் குறை சொல்ல முடியாது. பிறகு 853 வந்தது. இத்தாலியில் கொலம்பஸ் என்றொரு தனிப் பரம்பரை. ஜப்பானில் டாங்கே. இவற்றுக்கெல்லாம் கீழே, பெயர் இல்லாத 4130 குரோமோலி. அதற்கும் கீழே ஹைடென் என்ற மலிவு ஸ்டீல்.

இந்தப் படிக்கட்டில் எவ்வளவு உயரம் ஏறுகிறோமோ அவ்வளவு நல்ல சைக்கிள் கிடைக்கும் என்ற நம்பிக்கையில்தான் பணம் வீணாகிறது. எந்த ஸ்டீலாக இருந்தாலும் அதன் விறைப்பு கிட்டத்தட்ட ஒன்றுதான். மீள்மைக் கெழு என்று பாடப்புத்தகம் சொல்லும் அந்த அளவு, கட்டடக் கம்பிக்கும் சரி, உயர்ந்த விலை ரெனால்ட்ஸ் குழாய்க்கும் சரி, சுமார் 200 கிகாபாஸ்கல். ஒரே விட்டத்தில், ஒரே தடிமனில் இரண்டிலும் குழாய் இழுத்து நடுவே ஒரே பாரத்தைத் தொங்கவிட்டால் இரண்டும் ஒரே அளவு வளையும். பாரத்தை ஏற்றிக்கொண்டே போனால்தான் வித்தியாசம் தெரியும்: மலிவானது வளைந்தபடியே நின்றுவிடும், நல்லது நிமிரும். சுமார் 1 சதவீதம் குரோமியமும் 0.2 சதவீதம் மாலிப்டினமும் சேர்ந்த 4130-ன் பெருமை இந்த வலிமை. வலிமை கூடினால் குழாய்ச் சுவரை மெலிதாக இழுக்கலாம். முனையில் 0.8 மி.மீ., நடுவில் 0.5 மி.மீ. வரை போகலாம். விலை உயர்ந்த ஸ்டீலில் நாம் காசு கொடுத்து வாங்குவது இந்த மெலிவை. சும்மா ஓட்டுகிறவருக்கு அது சுகம். மூட்டை கட்டிக்கொண்டு போகிறவருக்கு அதுவே தொல்லை ஆகலாம்.

ஏன் என்றால் மெல்லிய ஃப்ரேம் முறுக்கிக்கொள்ளும். பின் கேரியரில் 20 கிலோ வைத்துக்கொண்டு மலையிறக்கத்தில் வேகம் பிடிக்கும்போது சிலரது ஹேண்டில்பார் தானாக உதறத் தொடங்கும். பிரேக்கைப் பிடித்தால் உடனே அடங்காது; தொடையால் மேல் பாரை இறுக்கிக்கொள்ள வேண்டியிருக்கும். பாரம் வைத்த விதம், டயர், முன்ஃபோர்க்கின் பேரிங் என்று பல காரணங்கள் சேர்ந்து வரும் நடுக்கம் அது. ஆனால் மெல்லிய, ஒல்லியான மேல்குழாய் அதற்குப் பழைய கூட்டாளி. பழைய அளவில் மேல்குழாய் 25.4 மி.மீ., கீழ்க்குழாய் 28.6 மி.மீ. இன்று பயணத்துக்கென்று செய்யும் ஃப்ரேம்களில் இவை 28.6, 31.8 என்று பருத்திருக்கின்றன. குழாயின் விறைப்பு விட்டத்தின் மும்மடிப் பெருக்கத்தோடு ஏறுவதால், அதே தடிமனில் விட்டத்தை 28.6-லிருந்து 31.8 ஆக்கினாலே விறைப்பு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடிவிடும். கடைக்குப் போகும்போது ஸ்டிக்கரைப் படிப்பதற்கு முன் ஒரு வெர்னியரை வைத்து இந்த விட்டத்தை அளந்து பார்க்கச் சொல்வேன். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார். பார்க்கட்டும்.

எடையைப் பற்றியும் ஒரு கணக்குப் போட்டுவிடலாம். ஓட்டுகிறவர் 70 கிலோ, சைக்கிள் 14, சாமான் 20, மொத்தம் 104. ஃப்ரேமில் ஒரு கிலோ குறைக்க ஆயிரக்கணக்கில் செலவழித்தால் மொத்தத்தில் குறைவது ஒரு சதவீதம்கூட இல்லை. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஒரு மணி நேரம் மூச்சுவாங்கினால், அந்த ஒரு கிலோ மிச்சப்படுத்தித் தருவது அரை நிமிடத்துக்குச் சற்றே மேல். அந்தப் பணத்தில் கியரைக் குறைத்துக்கொண்டால், அதாவது முன்னால் சிறிய பல்சக்கரமும் பின்னால் பெரிய பல்சக்கரமும் போட்டுக்கொண்டால், இறங்கித் தள்ளாமல் ஏறலாம்.

அப்படியானால் ஃப்ரேமில் எதைத்தான் பார்ப்பது? பெடல் அச்சிலிருந்து பின்சக்கரத்தின் அச்சுவரை இருக்கும் தூரத்தை. செயின்ஸ்டே என்று அந்தக் குழாய்க்குப் பெயர். பந்தய சைக்கிளில் இது சுமார் 410 மி.மீ. பயண சைக்கிளின் இலக்கணமாகப் பலர் காட்டும், அமெரிக்காவின் சர்லி நிறுவனம் செய்த லாங் ஹால் டிரக்கரில் 460 மி.மீ. வெறும் ஐந்து சென்டிமீட்டர்தான். ஆனால் அந்த ஐந்து சென்டிமீட்டரில் மூன்று காரியங்கள் முடிகின்றன. பெடல் மிதிக்கும்போது குதிகால் பின்பையில் இடிக்காது. பத்தாம் நம்பர் செருப்பு போடுகிறவர் முதல் கிலோமீட்டரிலேயே இதன் அருமையை உணர்வார். பையின் கனம் பின் அச்சுக்கு மேலோ சற்று முன்னாலோ உட்காரும். அச்சுக்குப் பின்னால் தொங்கி முன்சக்கரத்தைத் தூக்கப் பார்க்காது. மூன்றாவது, சக்கரம் தள்ளி நிற்பதால் தடித்த டயருக்கும் மட்கார்டுக்கும் இடம் கிடைக்கும்.

நம் கறுப்பு சைக்கிளைச் செய்தவர்களுக்கு இதெல்லாம் தெரிந்தே இருந்தது. சாய்ந்த முன்ஃபோர்க், நீண்ட பின்பகுதி, 22 அல்லது 24 அங்குல ஃப்ரேம், தடித்த ஸ்டாண்டு, ஆள் உட்காரும் கேரியர். அரிசி மூட்டை, பால் கேன், இளநீர்க் குலை, டபுள்ஸ் என்று எதை ஏற்றினாலும் அது கோணாமல் போனதற்கு ஹைடென் குழாயின் தடிமன் பாதிக் காரணம் என்றால் அந்த நீளம் மறுபாதி. சைக்கிள் மட்டுமே இருபது கிலோவைத் தொடும் என்பதும், கியர் கிடையாது என்பதும் வேறு விஷயம்.

ஃப்ரேமின் வடிவத்தை அதில் ஏறப்போகிறவர்களே தீர்மானித்த ஒரு சம்பவம் நம் ஊரிலேயே நடந்தது. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தோடு சேர்ந்து பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றார்கள். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது பலர் ஆண்கள் சைக்கிளையே வாங்கினார்கள். வேறு வழியில்லாமல் மட்டுமல்ல. சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவே ஓடும் பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்பதற்காகவே அதை விரும்பியவர்களும் இருந்தார்கள் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவு செய்திருக்கிறார். ஆணுக்கு இது, பெண்ணுக்கு அது என்ற கடைக்காரரின் பிரிவினையை அவர்கள் எந்தச் சுமையை ஏற்றப் போகிறோம் என்ற ஒரே கேள்வியால் தாண்டிப் போனார்கள். மேல் பார் உள்ள ஃப்ரேம்தான் விறைப்பானது என்பதும் உண்மை. சேலையோ வேட்டியோ கட்டி அலுவலகம் போகிறவருக்குத் தாழ்ந்த பார் வேண்டுமென்றால் மிக்ஸ்டி என்றொரு பிரெஞ்சு வடிவம் இருக்கிறது: இரண்டு மெல்லிய குழாய்கள் தலையிலிருந்து சீட்டுக்குழாயின் இருபுறமும் ஓடிப் பின் அச்சுவரை போகும். பழைய லேடீஸ் சைக்கிளைவிட அது எவ்வளவோ முறுக்குத் தாங்கும்.

நீளத்துக்கும் ஓர் எல்லை உண்டு. 460 மி.மீ. சைக்கிளை அபார்ட்மென்ட் லிஃப்டில் ஏற்றுவது ஒரு வித்தை. வடபழனி சிக்னலில் ஆட்டோக்களுக்கு நடுவே நெளிவதும் அவ்வளவு சுலபமில்லை. தினமும் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் அலுவலகம், லேப்டாப் பை, பொங்கல் விடுமுறையில் மட்டும் கன்னியாகுமரி என்றிருப்பவருக்கு 440-லிருந்து 450 வரை போதும் என்பது என் கட்சி. இரண்டுக்கும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும், எதிலும் கழுத்தறுக்காது. வருடத்தில் மூன்று மாதம் கூடாரத்தோடு திரிகிறவர் மட்டும் முழு நீளத்துக்குப் போகலாம்.

அடுத்து சக்கர அளவு. இதில் இந்தியாவுக்கே உரிய ஒரு பொறி இருக்கிறது. கறுப்பு சைக்கிளின் டயரும் 28 அங்குலம், புது ஹைப்ரிட் சைக்கிளின் டயரும் 28 அங்குலம் என்று கடையில் சொல்வார்கள். முதலாவதன் ரிம் விட்டம் 635 மி.மீ., இரண்டாவது 622. ஒன்று மற்றதில் ஏறாது. நெடுஞ்சாலையோர ஊரில் டயர் கிழிந்து நிற்கும்போது தெரிந்துகொள்ள வேண்டிய சங்கதி அல்ல இது. 559 என்று எழுதப்படும் பழைய 26 அங்குல எம்.டி.பி. டயர், பள்ளிப் பிள்ளைகள் ஓட்டும் மலிவு சைக்கிள்களின் புண்ணியத்தில், தாலுகா தலைநகர் அளவிலான ஊர்களில்கூடக் கிடைக்கிறது. உயரம் குறைந்தவர்களுக்கு இதில் இன்னொரு லாபம்: சின்ன ஃப்ரேமில் 622 சக்கரத்தைத் திணித்தால் வளையும்போது கால் கட்டைவிரல் முன்சக்கரத்தில் உரசும். 26 அங்குலத்தில் அந்த வம்பு இல்லை. சர்லியும் தன் சின்ன அளவுகளுக்கு 26 அங்குலச் சக்கரத்தைத்தான் கொடுத்துவந்தது. ஐந்தடி மூன்று அங்குலத்துக்குக் கீழே இருப்பவரிடம் யாராவது 622-ஐ விற்க முயன்றால் ஒருமுறை வட்டமடித்துப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

ஸ்டீல் என்றால் குலுங்காது, மெத்தை போல இருக்கும் என்றொரு பேச்சும் உண்டு. அலுமினியத்தின் விறைப்பு ஸ்டீலில் மூன்றில் ஒன்று, எடையும் ஏறக்குறைய மூன்றில் ஒன்று. அதனால் அதைப் பருத்த குழாயாகச் செய்கிறார்கள், அது கெட்டியாகத் தட்டுகிறது. இதுவரை சரி. ஆனால் இந்த வித்தியாசத்தை 38 மி.மீ. டயர் ஒன்று ஒரேயடியாக விழுங்கிவிடும். ஃப்ரேமில் அந்த டயருக்கு இடம் இருக்கிறதா, அதற்கு மேல் மட்கார்டுக்கும் இடம் இருக்கிறதா என்பதே சுகத்தின் கேள்வி. ஐப்பசி மழையில் ஒரு வாரம் அலுவலகம் போனால் மட்கார்டு இல்லாத சைக்கிளை விற்கத் தோன்றும்.

கேரியரும் மட்கார்டும் மாட்ட ஃப்ரேமிலேயே திருகு துளைகள் வேண்டும். பின் அச்சருகே ஒவ்வொரு பக்கமும் இரண்டு, சீட்டுக்குக் கீழே இரண்டு, முன்ஃபோர்க்கின் நுனியிலும் நடுவிலும். 5 மி.மீ. போல்ட் ஏறும் துளைகள் என்றால் போதும். எந்த ஹார்டுவேர் கடையிலும் போல்ட் கிடைக்கும். துளை இல்லாத ஃப்ரேமில் கிளாம்ப் போட்டுச் சமாளிக்கலாம் என்று சொல்கிறவர்கள் 20 கிலோ ஏற்றிப் பார்த்ததில்லை.

பெடல் அச்சு சுழலும் கூட்டில் மரை வேண்டும். வெறுமனே அழுத்திச் செருகும் புது ரகம் பயணத்துக்கு ஆகாது. லட்ச ரூபாயைத் தாண்டும் அமெரிக்க ஃப்ரேமின் விவரப் பட்டியலிலும் இந்த மரைக்கு எழுதியிருக்கும் பெயர் பி.எஸ்.ஏ. நம் வீட்டு பி.எஸ்.ஏ. எஸ்.எல்.ஆரின் அதே பி.எஸ்.ஏ.தான்: பர்மிங்ஹாம் ஸ்மால் ஆர்ம்ஸ், துப்பாக்கிக் கம்பெனி. 1.37 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 24 மரை. செயின் பக்கத்துக் கப்பில் மட்டும் மரை தலைகீழ். அவசரத்தில் வழக்கமான பக்கம் திருப்பிக் கழற்றப் பார்த்து மரையைக் கெடுத்துக்கொண்டவர்கள் எல்லா ஊரிலும் உண்டு.

பிரேக் விஷயத்தில் டிஸ்க்கா வி-பிரேக்கா என்று சண்டை போடுகிறவர்களுக்கு முடிவே கிடையாது. மழையில் நகரம் என்றால் டிஸ்க். ஆனால் டிஸ்க்கின் இழுவையைத் தாங்க ஃபோர்க்கின் காலைத் தடிப்பாகச் செய்ய வேண்டியிருக்கிறது, சாலையின் அதிர்வு அதில் நேராகக் கைக்கு வரும். வி-பிரேக்கின் ரப்பர் கட்டை கிராமத்துக் கடையிலும் கிடைக்கும். கேபிளில் ஓடும் டிஸ்க் இரண்டுக்கும் நடுவே. ஆயிலில் ஓடுவதை மட்டும் தொலைதூரத்துக்கு நான் சொல்ல மாட்டேன்.

இனி ஸ்டீல் வாங்குகிறவர் எல்லோரும் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் சமாதானத்துக்கு வருவோம்: “உடைஞ்சா எந்த ஊர்லயும் பத்தவெச்சுக்கலாம்.” இதற்குச் சாட்சியாகப் பெரிய மனிதர்கள் உண்டு. 1923-ல் பம்பாயிலிருந்து கிளம்பி 1928-ல் உலகைச் சுற்றித் திரும்பிய பார்சி இளைஞர்கள். 1963-ல் ஆர்ம்ஸ்ட்ராங் கேடட் சைக்கிளில் ஐரோப்பாவிலிருந்து டெல்லி வந்து சேர்ந்த அயர்லாந்தின் டெர்வ்லா மர்ஃபி. வழியிலுள்ள சாலைகளுக்குத் தாங்காது என்று கியரையே கழற்றிவிட்டுக் கிளம்பியவர் அவர். 1962-ல் வீட்டைவிட்டுப் புறப்பட்டு ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் 6 லட்சம் கிலோமீட்டரையும் தாண்டி ஓட்டிய ஜெர்மானியர் ஹைன்ஸ் ஷ்டூக்கே. அதில் பெரும்பகுதி மூன்று கியர் வைத்த ஒரே கனத்த ஸ்டீல் சைக்கிளில்.

இவர்கள் ஓட்டியது தடித்த குழாய் சைக்கிள்கள் என்பதை மறந்துவிடுகிறோம். நடுவில் 0.5 மி.மீ. சுவர் உள்ள குழாயில், கேட்டும் கிரில்லும் செய்யும் பட்டறைக்காரர் ஆர்க் வெல்டிங் ராடை வைத்தால் ஓட்டை விழும். பின் அச்சு உட்காரும் தகடு தடித்தது, அங்கே அவர் கைவைக்கலாம். கேரியர் கம்பியைத் தாராளமாகக் கொடுக்கலாம். குழாயே விரிந்திருந்தால் தேட வேண்டியது கேஸ் வெல்டிங்காரரை. பித்தளைக் கம்பி வைத்துக் குறைந்த சூட்டில் ஒட்டத் தெரிந்த பழைய ஆள் ஒருவர் பெரிய ஊர்களில் இன்னும் இருப்பார். ஆகவே பற்றவைக்கும் வசதிக்காகத்தான் ஸ்டீல் வாங்குகிறேன் என்றால், மிக மெல்லிய உயர்ரகக் குழாய்க்கு ஆசைப்படுவது முன்னுக்குப் பின் முரண். 4130, நடுவில் 0.6 மி.மீ. அல்லது அதற்கு மேல், அங்கே நின்றுகொள்ளலாம்.

ஸ்டீலின் உண்மையான தாராளம் வேறு இடத்தில் இருக்கிறது. சைக்கிள் சாய்ந்து விழுந்து கியரைத் தாங்கும் கொக்கி வளைந்தால், அதை அப்படியே நெம்பி நேராக்கிவிடலாம். பயணத்தில் ஃப்ரேம் உடைவதைவிட இது பல மடங்கு அடிக்கடி நடக்கும். பின்ஃபோர்க்கின் அகலம் 130 மி.மீ. உள்ள பழைய ஃப்ரேமை மெல்ல விரித்து 135 அச்சுக்கு மாற்றிக்கொள்ளலாம். அலுமினியத்தில் நினைத்துப் பார்க்கக்கூடாத காரியம். விரிசலும் ஸ்டீலில் பெரும்பாலும் முனகிவிட்டுத்தான் வரும். ஏற்றத்தில் புதிதாக ஒரு சத்தம் கேட்டால் பெயின்ட்டில் மயிரிழைக் கோடு இருக்கிறதா என்று மூட்டுகளைத் துடைத்துப் பார்க்க வேண்டும்.

துரு ஸ்டீலின் சாபம் என்பார்கள். வெளியே தெரியும் துருவால் ஃப்ரேம் சாவது அபூர்வம். உள்ளே தேங்கும் தண்ணீர்தான் எமன். சீட்டுக்குழாய் வழியாக இறங்கும் மழைநீர் பெடல் அச்சுக் கூட்டில் வந்து நிற்கும். அதன் அடியில் வடிதுளை இருக்கிறதா என்று வாங்கும்போதே குனிந்து பார்க்க வேண்டும். சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற உப்புக்காற்று ஊர்களில் இருப்பவர்கள், புது ஃப்ரேமில் பாகங்கள் ஏறுவதற்கு முன் குழாய்களுக்குள் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயை ஊற்றி எல்லாப் பக்கமும் சாய்த்து ஓடவிட்டு வடித்துவிடலாம்; காய்ந்து படலமாகப் பிடித்துக்கொள்ளும். அலுமினிய சீட்டுக்கம்பம் ஸ்டீல் குழாய்க்குள் வருடக்கணக்கில் அசையாமல் இருந்தால் இரண்டும் ஒன்றாகிவிடும், பிறகு ரம்பம்தான். ஆண்டுக்கு ஒருமுறை ஓவராயிலிங் கொடுக்கும்போது அதைக் கழற்றி கிரீஸ் தடவச் சொல்லுங்கள், சொல்லாவிட்டால் யாரும் செய்வதில்லை.

பழைய ஃப்ரேம் வாங்குவது புதியதைவிடப் புத்திசாலித்தனம் என்று நினைக்கிறவன் நான். 1990-களின் முன்ஷாக் இல்லாத குரோமோலி எம்.டி.பி. ஒன்று கிடைத்தால் பெரும்பாலும் 26 அங்குலச் சக்கரம், 135 மி.மீ. பின் அச்சு, கேரியர் துளை எல்லாம் தயாராக இருக்கும். போகும்போது சட்டைப்பையில் ஒரு நூல்கண்டும் ஸ்கேலும் இருக்கட்டும். முதலில் கீழ்க்குழாயின் அடியில், தலைக்குழாய்க்குச் சற்றுப் பின்னால் விரலை ஓட்டுங்கள். அங்கே அலை போல நெளிவு தட்டினால் வண்டி எங்கோ நேராக மோதியிருக்கிறது, விலை எவ்வளவு குறைந்தாலும் கிளம்பிவிடுங்கள். நெளிவு இல்லை என்றால் சக்கரத்தைக் கழற்றச் சொல்லி, பின் அச்சுத் தகடு ஒன்றில் நூலைக் கட்டி, தலைக்குழாயைச் சுற்றி மறுபக்கத் தகட்டுக்கு இழுத்துக் கட்டுங்கள். நூலுக்கும் சீட்டுக்குழாய்க்கும் உள்ள இடைவெளியை இரண்டு பக்கமும் அளங்கள். ஒன்றிரண்டு மி.மீ. வித்தியாசம் என்றால் பரவாயில்லை. அதற்கு மேல் போனால் பின்சக்கரம் கோணலாக ஓடும். பெண்டு எடுக்கத் தெரிந்தவர் கைவசம் இருந்தால் அதையே காட்டி விலையைக் குறைக்கலாம். இல்லாவிட்டால் நூலைச் சுருட்டிக்கொண்டு அடுத்த ஃப்ரேமைப் பார்க்கப் போகலாம்.